சிவப்பு மூடி

ஆடி மாதத்தில் எம். புதுப்பட்டிக்கு யாரும் லீவில் வருவதில்லை. தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும் மாதம் அது. கை கால் உள்ள அத்தனை பேரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். தெருவில் கோழியும் வெயிலும்தான் மிச்சம். அப்படி ஒரு பகலில் விமானப்படை விமானி புகழேந்தி பஸ்ஸை விட்டு இறங்கினான். பூட்டிக் கிடந்த அக்கா வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு, சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

வேலை விட்டு வந்த அய்யம்மாள் தம்பியைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அவள் முழங்கை வரை அலுமினியத் தூள் வெள்ளியாக ஒட்டியிருந்தது. இரும்புக் கதவை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

"என்னலே, சொல்லாமக் கொள்ளாம?"

"சும்மாதாங்க்கா."

"சும்மா வாரவன் தீவாளிக்கு வருவான். ஆடியில வாரவன் எதையாச்சும் ஒடைச்சிட்டுத்தான் வருவான். என்னத்த ஒடைச்ச?"

"ஒடைக்கல. ஒடையப் பாத்துச்சு."

அவள் அவனைத் தலை முதல் கால் வரை ஒரு தரம் பார்த்தாள். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "மூஞ்சியக் கழுவு. சோறு வடிக்கேன்" என்று உள்ளே போனாள். அடுப்படிக்குள் நுழையும் முன் கதவுக் கொண்டியையும் ஒரு தட்டுத் தட்டினாள்.

பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அவள் புருஷன் செல்லச்சாமி அதைப் பார்த்துச் சிரித்தான். அதே கம்பெனியில் போர்மேன். "பாத்தியா மாப்ளே? ஒங்க அக்காவுக்குச் சோத்துப் பானையே மருந்துப் பானைதான். இரும்பத் தொடாம உள்ள போக மாட்டா. கல்யாணத்தன்னைக்கு எனக்கு மாலை போடுறதுக்கு முன்னால மைக் கம்பியத் தொட்டுட்டுத்தான போட்டா!"

வெடிமருந்து புழங்கும் அறைகளின் வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போகிறவர்கள் அதில் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் விரல் நுனியில் ஒரு பொறி போதும், அறை இருந்த இடத்தில் குழி இருக்கும். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பஸ் ஏறும்போது தொடுவார்கள். சண்டை போடப் போகும்போதுகூட வழியில் ஒரு இரும்பைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

சாப்பிடும்போதுதான் புகழேந்தி வாயைத் திறந்தான்.

பழைய விமானத்தில் அவன் பல வருடம் பறந்தவன். அதில் கையில் பிடிக்கும் குச்சிக்கும் இறக்கைக்கும் நடுவே இரும்புத் தண்டுகள் உண்டு. எவ்வளவு இழுக்கிறானோ அவ்வளவு திரும்பும். காற்று முரண்டு பிடித்தால் அந்த முரண்டு உள்ளங்கைக்கு வந்து சேரும். நிறையப் பேரைக் கொன்ற விமானம்தான். ஆனால் கொல்வதற்கு முன் கையில் சொல்லிவிட்டுக் கொல்லும் என்பது அதை ஓட்டியவர்களின் நம்பிக்கை. செத்தவர்களிடம் கேட்டுப் பார்க்க வழியில்லை.

புது விமானம் அப்படியல்ல. குச்சிக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர். விமானி இழுப்பது அங்கே உத்தரவு இல்லை, விண்ணப்பம். எவ்வளவு தரலாம் என்று கம்ப்யூட்டர் பார்த்து, அவ்வளவுதான் தரும். கையில் எந்தச் சேதியும் வராது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த விமானத்தை வேண்டுமென்றே தள்ளாடும்படிதான் செய்திருந்தார்கள். சட்டென்று திரும்புவதற்கு அந்தத் தள்ளாட்டம் வேண்டும். கம்ப்யூட்டர் விடாமல் தாங்கிப் பிடிப்பதால்தான் அது நேராகப் போகிறது. கம்ப்யூட்டர் கண்ணை மூடினால் குப்புற விழும்.

"அப்ப அதுவே ஓட்டுதுன்னு சொல்லு" என்றாள் அய்யம்மாள்.

"நான்தான் ஓட்டுறேன். அது தாங்குது."

"ஒனக்குப் பாத்த காரியாபட்டிப் பொண்ணு வீட்டுல இதத்தானலே கேட்டாக. விமானம் தன்னால ஓடுதாமே, அப்ப மாப்பிள்ளைக்கு அங்கன என்ன சோலின்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கொண்டு போன தட்டுல கூட ஒரு பலகாரத்த எடுத்து வச்சிட்டு வந்துட்டேன்."

செல்லச்சாமி சிரித்ததில் அவனுக்குப் புரை ஏறியது.

நடந்தது இதுதான். மழை மேகத்துக்குள் பயிற்சி. வெளியே எதுவும் தெரியாது, சுற்றிலும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் காதுக்குள் இருக்கும் திரவம் மனிதனை ஏமாற்றும். நேராக உட்கார்ந்திருப்பவனுக்குச் சாய்ந்து கிடப்பதாகத் தோன்றும். விமானம் இடப்பக்கம் கவிழ்வதாகப் புகழேந்தியின் உடம்பு சொன்னது. நேராகப் போகிறது என்று எதிரே கருவிகள் சொல்லின. அவன் உடம்பை நம்பி வலப்பக்கம் இழுத்தான். கொஞ்சம் கொடுத்த விமானம் மேலே தர மறுத்தது. அவன் பலமாக இழுத்தான். அடுத்த கணம் அது துள்ளிக் கவிழ்ந்து, சுழன்றுகொண்டு மேகத்தைக் கிழித்து வெளியே விழுந்தது. தலைக்கு மேலே வயல் தெரிந்தது.

எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் தன் வரம்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது, இனி எல்லாம் உன் கையில் என்பது அதன் பொருள். கம்ப்யூட்டரை ஒதுக்கவும் திரும்பக் கூப்பிடவும் ஒரு சுவிட்ச் உண்டு. இடப்பக்கம், கருவிப் பலகையின் கீழ் விளிம்பில் இருக்கும். அதற்கு மேல் சிவப்பு மூடி. புகழேந்தி பாய்ந்து அந்தச் சுவிட்சைத் திருப்பிப் போட்டான். விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டர் விமானத்தைப் பிடித்து நிமிர்த்தியது. கீழே தென்னை ஓலைகள் விலகி ஆடுவதை அவன் பார்த்தான். அவ்வளவு தாழ்வு.

இறங்கியதும் விசாரணை வைத்தார்கள். பதிவுக் கருவியில் அந்தச் சுவிட்ச் இரண்டு தரம் மாறியிருந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பக் கூப்பிட்டது இரண்டாவது. அதைத் தான் போட்டது புகழேந்திக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முதல் தரம் அதை வெளியே தள்ளியது யார்?

"நான் தொடல மச்சான். எடது கை எஞ்சின் பிடியிலதான் இருந்துச்சு. எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன். பண்ணியும் குடுத்துட்டேன்."

"மூடி மூடியிருந்துச்சுல்ல?" செல்லச்சாமி போர்மேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்.

புகழேந்தி சோற்றைப் பிசைந்தான். "தெறந்து வச்சிருந்தேன்."

மூடியைத் திறந்து வைக்கக் கூடாது என்பது விதி. புறப்பட்டதும் அதைத் திறந்து வைப்பது அவன் பழக்கம். பழைய விமானத்திலிருந்து வந்த வேறு சிலரும் செய்வார்கள். கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தால் தட்டிவிடத் தோதாக இருக்கட்டும் என்று. விசாரணையில் அதை மறைக்காமல் சொன்னான், வாங்கியும் கட்டிக்கொண்டான்.

"அதிலென்ன தப்பு?" என்றாள் அய்யம்மாள். "வேல நடக்கும்போது மருந்து ரூம் கதவச் சாத்துவாகளா? ஓட வழி வேணும்ல."

"அதான்க்கா நானும் நெனச்சேன்."

அவன் மேல் பழைய புகார் எதுவும் கிடையாது. பொய் சொல்கிறவன் என்று யாரும் சொன்னதில்லை. அவன் தொடவில்லை என்றால் சுவிட்ச் தானாகத்தான் விழுந்திருக்க வேண்டும். தானாக விழும் சுவிட்ச் ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கலாம். அந்த வகை விமானங்கள் அத்தனையையும் தரையில் நிறுத்தி வயர் வயராகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் இருந்த விங் கமாண்டர் நேசகுமார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊருக்குப் போயிட்டு வா. வரும்போது ஒரு முடிவோட வா. புதுசுல ஏறுறியா, பழசுக்கே போறியா?"

பழைய விமானம் கொஞ்ச நாளில் கழிக்கப்பட இருந்தது. அதற்குத் திரும்புகிறவன் அதோடு சேர்ந்து ஓரங்கட்டப்படுவான். பிறகு மேசை, கோப்பு, அடுத்தவன் பறப்பதை அண்ணாந்து பார்க்கும் வேலை. புகழேந்திக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் நடுவானில் சொல்லாமல் கையை விட்டுவிட்டுப் போன ஒன்றில் எப்படி மறுபடி ஏறுவது? கம்ப்யூட்டரின் தப்பு என்று தீர்ப்பு வந்தால் அவன் பெயர் தப்பிக்கும், அவனால் பறக்க முடியாது. அதுதான் சிக்கல்.

"கடைசியில ஒன் மேலதான் எழுதுவான் பாரு" என்றாள் அய்யம்மாள். அவள் குரல் தட்டையாக இருந்தது. "எந்த ஊர்ல மிசினு மேல எழுதுவான்? நம்ம அப்பாவுக்கு என்ன எழுதுனான்? தொழிலாளியின் கவனக்குறைவு. முடிஞ்சுது."

அவர்கள் அப்பா உக்கிரபாண்டி மருந்துக் கலவை அறை வெடித்துச் செத்தவர். புகழேந்தி அப்போது ராணுவக் கல்லூரியில் இருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த வருடம் செத்த எல்லோருக்கும் அதையேதான் எழுதினார்கள். அய்யம்மாள் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவள் முன்னால் யாராவது கவனக்குறைவு என்ற வார்த்தையைச் சொன்னால், குழந்தை பாலைக் கொட்டியதற்குச் சொன்னால்கூட, எழுந்து போய்விடுவாள்.

அடுத்த சில நாள் புகழேந்தி ஊரில் சும்மா அலைந்தான். பகலில் பேசுவதற்கு ஆளில்லை. ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். விமானத்தை எப்படி மேலே நிறுத்துகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டால் பதில் சொல்வான். மனதுக்குள் அந்த மேகத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினான். எத்தனை தரம் ஓட்டினாலும் இடது கை எஞ்சின் பிடியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன், வராவிட்டால் செவிட்டில் அறைவேன் என்றாள் அய்யம்மாள். செல்லச்சாமி கம்பெனியில் கெஞ்சி ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்தான். முன்னால் எல்லாம் வெறும் தகரம், பெயிண்டு உரிந்து கிடந்தது. புகழேந்தி ஓட்டினான். பக்கத்தில் அக்கா. பின்னால் தேங்காய், பூ, மாவிளக்குச் சாமான்களோடு செல்லச்சாமி.

"வாத்தியார் பய மாதிரி ஓட்டுத மாப்ளே. இதுல கம்ப்யூட்டர் இல்லன்னு பயமா?"

"இதுல பிரேக்கே இல்ல மச்சான். அதான் பயம்."

சிவகாசியைத் தாண்டி சாத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கருவேலம். எதிரே காகித லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு மினி பஸ், கேட்பாரில்லை என்பது மாதிரி, வலப்பக்கம் ஏறி நேராக ஜீப்பைப் பார்த்து வந்தது. அய்யம்மாள் "ஆத்தா!" என்று கத்தினாள். புகழேந்தி இருந்த கொஞ்சப் பிரேக்கை மிதித்து ஜீப்பை மண்ணுக்கு இறக்கினான். மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பறந்தது. புழுதி அடங்கியது. பின்னால் ஒரு தேங்காய் உருண்டு செல்லச்சாமியின் காலில் விழுந்தது. அவன் மினி பஸ்காரனின் பரம்பரையையே இழுத்து ஏசினான்.

"கைய எடுலே, நசுக்குத" என்றாள் அய்யம்மாள்.

புகழேந்தி குனிந்து பார்த்தான். கியர் கம்பிக்கு மேலே, முன்பலகையின் கீழ் விளிம்பில், வெறும் தகரத்தில் அக்காவின் வலது கை பதிந்திருந்தது. அதற்கு மேல் இன்னொரு கை இருந்தது. அது அவனுடைய இடது கை.

"என் கை எப்ப இங்கன வந்துச்சு?"

"என்னையக் கேட்டா? ஒன் கைதான." அவள் விரல்களை உருவி உதறினாள். "நான் தொடுதேன், எனக்குத் தலையெழுத்து. ஒனக்கு எதுக்குலே? பட்டாளத்துல மருந்தா இடிக்க?"

"நான் எப்பவும் தொடுவேனா?"

"சின்னதுலருந்து தொடுவ. பரீட்ச முடிஞ்ச லீவுக்கெல்லாம் எங்க கூட கம்பெனிக்கு வருவேல்ல. ஒருக்கத் தொடாம உள்ள போயிட்டன்னு அப்பா ஒன்னையத் தகட்டுலயே கையை வச்சு அமுக்கி, சாயங்காலம் வரைக்கும் நிக்க வச்சாரு. அதுலருந்து ஒனக்குப் பயம் வந்தாலே கை அங்கனதான் போவும். முந்தாநா நாய் வெரட்டும்போதுகூட கேட்டுக் கம்பியத் தொட்டுட்டுத்தான் ஓடுன. நான் பாத்தேன்."

"எனக்கே தெரியாது."

"தெரிஞ்சா தொடுவாக? அது பாட்டுக்குப் போவும்."

புகழேந்தி ஜீப்பை அணைத்துவிட்டு இறங்கினான். ரோட்டோரம் நின்று இடது கையைப் பார்த்தான். அக்காவின் விரல் அங்கே இருந்திராவிட்டால், கை கியரில்தான் இருந்தது என்று எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணியிருப்பான். மனதறிந்த பொய்யாக இருந்திருக்காது. ஆனாலும் பொய்.

பழைய விமானத்தில் இடப்பக்கம் பலகையின் கீழே வெறும் தகடுதான். எத்தனை வருடம் எத்தனை தரம் அதைத் தொட்டிருப்பானோ! யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. தொட்டதால் ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கையில் உறை, கீழே ஆகாயம், மின்சாரம் இறங்குவதற்கு மண் எங்கே? புது விமானத்தில் அதே இடத்தில் ஒரு சுவிட்சை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு மூடியும் போட்டிருந்தார்கள். மூடி மூடியிருந்தால் கை மூடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். கம்ப்யூட்டரை நம்பாமல் அதைத் திறந்து வைத்தவன் அவன். பயந்தபோது அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவனும் அவன். பிறகு அது ஓடிவிட்டது என்று புகார் சொன்னான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. கருவேலத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆத்தா எறங்கிட்டாளோ?" என்றான் செல்லச்சாமி. "கோயிலு இன்னும் தூரமா இருக்கே."

சாத்தூரில் போனுக்கு சிக்னல் கிடைத்தது. வெள்ளரிப்பிஞ்சுக் கடை பக்கம் ஜீப்பை நிறுத்திவிட்டு, நேசகுமாரைக் கூப்பிட்டான். அவர் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"சார், சுவிட்ச் தானா விழல. நான்தான் தட்டினேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாபகம் வந்துட்டா?"

"வரல சார். இனியும் வராது. ஆனா தட்டினேன்."

செம்புத் தகட்டைச் சொன்னான். மருந்து அறையைச் சொன்னான். அக்காவின் விரலைச் சொன்னான். நேசகுமார் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் நீளமாக மூச்சு விட்டது போனில் காற்றாக இரைந்தது.

"லே, இங்க என்ஜினியர் பயலுவ ராவும் பகலும் வயரை உருவிட்டுக் கெடக்கானுவ. ஒருத்தன் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூடப் போகல. ஒனக்குத் தகடு தொடுற வியாதி உண்டுன்னு முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் சார்."

"நீ சொல்லுததை அப்படியே எடுத்துக்க முடியாது. சிமுலேட்டர்ல உக்கார வச்சு, பயங்காட்டி, கேமரால பார்ப்போம். கை போச்சுன்னா எழுதுவோம். விமானியின் தவறுன்னுதான் எழுதுவோம், கேட்டியா? மூடியத் தெறந்து வச்சதுக்குத் தனியா உண்டு."

"எழுதுங்க சார்."

"சந்தோஷமாச் சொல்லுதானே பாவி." அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது. "சரி, முடிவு என்ன? பழசா, புதுசா?"

"புதுசு சார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அய்யம்மாள் பின்னால் நின்றிருந்தாள். கையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய வெள்ளரிப்பிஞ்சு, கடிக்காமல்.

"நீயா போன் போட்டு, என் தப்புத்தான்னு சொன்னியா?"

"ஆமாக்கா."

"ஒன்னைய யாராச்சும் மெரட்டுனாகளா?"

"இல்லக்கா."

"அப்ப ஒனக்கு மூள இல்ல." வெள்ளரிப்பிஞ்சை ரோட்டில் வீசினாள். "அவன் எழுதட்டும், அது வேற. அவன் பொழப்பு அது. நீயே எழுதிக் குடுப்பியா? அப்பாவுக்கு எழுதுனத ஒனக்கு நீயே எழுதிக்கிட்டியேலே!" சொல்லிவிட்டு விறுவிறு என்று நடக்க ஆரம்பித்தாள். கோயில் பக்கம்கூட இல்லை, எதிர்ப்பக்கம்.

செல்லச்சாமி ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. "நீயே போ மாப்ளே. நான் போனா அடிதான் விழும்."

புகழேந்தி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான். அவள் அழவில்லை. அழுகிறவள் இல்லை.

"அக்கா, அப்பாவ யாரும் கேக்கல. செத்துப் போனவரு பதில் சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சு எழுதுனான். அவரு கை எங்கன இருந்துச்சுன்னு எழுதுனவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அத நான் இன்னைக்கும் ஒத்துக்கிட மாட்டேன். நான் உசுரோட இருக்கேன். என் கை எங்கன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பொறவு மிசினு மேல போட்டேன்னா, அப்பா மேல போட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"மிசினுக்கு வலிக்குமாலே?"

"அதுக்கு வலிக்காது. எனக்குத்தான் ஏற முடியாது."

அவள் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாத்தூர் வெயில் மண்டையைப் பிளந்தது.

"அது ஒழுங்காத்தான் இருக்கா?"

"ஒழுங்கா இருக்கு."

"நடுவானத்துல ஒன்னைய விட்டுட்டு ஓடல?"

"ஓடல. நான்தான் பிடிச்சு வெளிய தள்ளுனேன். திரும்பக் கூப்புட்டதும் வந்து தூக்கி நிறுத்திருச்சு."

அவள் அதை யோசித்தாள். மருந்துக் கலவை சரியா என்று பார்ப்பவள் மாதிரி, அவசரம் இல்லாமல். தம்பி அந்த ஆகாயத்துக்குத் திரும்பப் போகப் போகிறான். சொல்லாமல் ஓடுகிற ஒன்றோடு போவதற்கும், கூப்பிட்டதும் வருகிற ஒன்றோடு போவதற்கும் நடுவே உள்ள தூரம் அவளுக்குப் புரிந்தது. முகத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று இளகியது.

"சரி, அப்ப அதுக்கும் சேத்து ஒரு தேங்காய ஒடைப்போம். திரும்பு. அந்த மனுசன் வெள்ளரிக்காயப் பூராம் தின்னு தீத்துருவாக."

கோயிலில் கூட்டம் நெரிந்தது. வெயிலில் ஆற்று மணல் காலைச் சுட்டது. அய்யம்மாள் மாவிளக்கு எடுத்தாள். இரண்டு தேங்காய் உடைத்தாள். இரண்டும் நேர் பாதியாக உடைந்தன. கும்பிட்டு முடித்து வெளியே வரும்போது புகழேந்தி வாசல் கிராதியை இடது கையால் தட்டினான். இந்தத் தடவை தட்டுவது தெரிந்து தட்டினான்.

லீவு முடிந்து திரும்பியவனைச் சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். திரையில் மேகத்தைக் காட்டி, திடீரென்று எஞ்சினில் தீ என்று மணி அடித்தார்கள். முடிந்ததும் கை எங்கே இருந்தது என்று நேசகுமார் கேட்டார். எஞ்சின் பிடியில் என்றான் புகழேந்தி, சத்தியமாக. பிறகு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இடது கை பாம்பு மாதிரி இறங்கி, சிவப்பு மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து பிடியில் உட்கார்ந்தது. அறையே சிரித்தது. பிரசவத்துக்குப் போகாத என்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கிளம்பி ஊருக்குப் போனார்.

எழுத வேண்டியதை எழுதினார்கள். புகழேந்தி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். கொஞ்ச காலம் கூட ஒருவரை உட்கார வைத்துத்தான் பறக்க விட்டார்கள். பிறகு ஒருநாள் தனியாக விட்டார்கள்.

அன்றைக்கும் மேகம் இருந்தது. புறப்பட்டதும் இடது கை பழக்கத்தில் மூடியைத் திறக்கப் போனது. மூடியிருக்கட்டும் என்று அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். வெள்ளைக்குள் நுழைந்ததும் உடம்பு வேலையைக் காட்டியது. இடப்பக்கம் கவிழ்கிறோம், கவிழ்கிறோம் என்றது. நேராகப் போகிறோம் என்றன கருவிகள். முதுகெலும்பு வரை வேர்த்தது. கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, விரல் நுனியில் மூடியின் வழுவழுப்புத் தட்டுப்பட்டபோதுதான் தெரிந்தது. தொட்டாயிற்றா, சரி என்று அதனிடம் சொன்னான். இரண்டு கைகளையும் எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

விமானம் ஒரு அசைவும் இல்லாமல் போனது. மேகம் கிழிந்தது. அடிவானம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, கோடு போட்டது மாதிரி, படுத்திருந்தது. கவிழ்கிறோம் என்று கடைசி வரை கத்திய உடம்பு வெட்கப்பட்டு அடங்கியது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டான். பின்னணியில் குக்கர் சத்தம் கேட்டது.

"ஏறுனியாலே?"

"ஏறுனேன், எறங்குனேன்."

"ஒழுங்கா இருந்துச்சா?"

"இருந்துச்சு. மேகத்துக்குள்ள அதுவே தாங்கிக்கிட்டுப் போச்சு."

"நீ என்ன செஞ்ச?"

"கையத் தொடையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அந்தப் பக்கம் குக்கரை இறக்கி வைத்தாள். பிறகு அய்யம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் வந்திறங்கிய நாளிலிருந்து அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

"காரியாபட்டிக்காரக கேட்டது சரியாத்தானலே இருக்கு" என்றாள்.